பதில் சொல்லாதவர்களின் கட்டம்

வியாழக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குள் பிரபாலினி தன் தகப்பனிடம் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். ‘வேண்டாம்’ என்ற சொல். நாலே நாலு எழுத்து. அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு வாரமும் அவள் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

மாப்பிள்ளையின் பெயர் வினோஜன். டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. குடி இல்லை, சிகரெட் இல்லை, ஆள் உயரம். குறை என்று சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் பிரபாலினிக்குப் பெரிய கஷ்டமாகப் போய்விட்டது. ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறாள். பேர்லினில் ஒரு சாப்பாட்டுக் கடையில், சுற்றிவரப் பதினொரு பேர் இருக்க. “உங்களுக்கு டுசல்டோர்ஃப் பிடிக்குமோ?” என்று அவன் கேட்டான். இவள் வாய் திறக்கும் முன்னம் அவனுடைய தாய், “ஓம், ஏன் பிடிக்காது?” என்று சொல்லிவிட்டாள். பிரபாலினி குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

தை மாதம் கலியாணம். கையோடு டுசல்டோர்ஃப். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்து முடிக்க அவளுக்கு இன்னும் மூன்று அரையாண்டு இருந்தது. அதைப் ‘பிறகு பாக்கலாம்’ என்றார்கள். அந்தப் பிறகு எப்படிப்பட்ட பிறகு என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய தாய் பாலாம்பிகை யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவள். ஜெர்மனிக்கு வந்து பாஷை படித்துப் பிறகு பார்க்கலாம் என்று ஹோட்டல் அறைகளில் கட்டில் விரிக்கப் போனவள், பதினாலு வருடமாக விரித்துக்கொண்டே இருக்கிறாள்.

தகப்பன் இராசலிங்கம் பொல்லாத மனிதர் இல்லை. அதுவும் ஒரு கஷ்டம். பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் ஓர் இத்தாலியன் கடையில் பீட்சா போடுகிறவர். மகளைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சொன்னபடியே கேட்டார்.

“வியாழன் ஆறு மணிக்கு நடேசண்ணை ரெலிபோன் எடுப்பார். உனக்கு விருப்பமில்லை எண்டால் அதுக்கு முதல் சொல்லு பிள்ளை. நான் கோவிக்க மாட்டன். ஒண்டும் சொல்லாட்டி ஓம் எண்டு எடுப்பன்.”

நடேசன் என்பது வினோஜனின் தகப்பன். பிரபாலினி அதற்கும் “ஓம் அப்பா” என்றுதான் சொன்னாள். யார் எதைச் சொன்னாலும் ‘ஓம்’ போட்டுக் கேட்பது அந்த வீட்டுப் பழக்கம். கேட்கிறேன் என்பதற்கும் ஓம், விளங்குகிறது என்பதற்கும் ஓம், சம்மதம் என்பதற்கும் அதே ஓம். எது எந்த ஓம் என்று கேட்கிறவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசி நாள் வியாழக்கிழமை, நவராத்திரி முதல் நாளாகவும் இருந்தது. அன்றைக்கென்று அவள் வேலைக்கும் கிளம்பினாள். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. தகப்பன் விடியற்புறம் இரண்டு மணிக்குத்தான் கடையிலிருந்து வந்து படுப்பார், மத்தியானம்தான் எழும்புவார். நித்திரைக்காரரை எழுப்பிச் சொல்கிற விசயமா இது? நாலரைக்கு வேலை முடிந்து, ஐந்து மணிக்கு வீட்டில் நின்று, அன்றிரவு கடைக்கு லீவு போட்டிருந்த அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவதென்று முடிவு கட்டியிருந்தாள்.

வேலை இதுதான். அன்றைக்கு டென்மார்க்கில் சர்வசன வாக்கெடுப்பு. தங்கள் குரோனரை விட்டுவிட்டு யூரோவை எடுப்பதா, வேண்டாமா என்று அந்த நாடு தன் சனங்களிடம் கேட்டது. வாக்குப் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, என்ன போட்டீர்கள் என்று கேட்டு, தாளில் குறித்து, அந்தத் தாளை பேர்லினுக்கு பெக்ஸில் அனுப்புவார்கள். நொய்கெல்னில் ஒரு பின்முற்றத்துக் கட்டடத்தின் நாலாம் மாடியில் பத்து மாணவர்கள் இருந்து அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு டேனிஷ் பத்திரிகைக்கான கணிப்பு பேர்லினுக்கு ஏன் வந்ததென்றால், பேர்லினில் மாணவர்கள் மலிவு.

ஏற்றுவதற்கு டேனிஷ் தெரியத் தேவையில்லை. தாளில் மூன்று கட்டம். முதலாவது ‘யா’, ஆம். இரண்டாவது இல்லை, அதை அவர்கள் என்னவோ எழுதுகிறார்கள், ஆனால் வாயால் சொல்லும்போது அச்சொட்டாக நம்முடைய ‘நாய்’. ஒரு நாட்டில் பாதிச் சனம் வாக்குச்சாவடி வாசலில் நின்று நாய், நாய் என்று சொல்வதை நினைத்துப் பயிற்சி நாளன்று பிரபாலினி தனியாகச் சிரித்தாள். மூன்றாவது கட்டம் பதில் சொல்லாதவர்களுக்கு.

“இதைக் கவனமாகக் கேளுங்கள்,” என்றாள் மேற்பார்வை செய்த யூலியா. நாற்பது வயது, வெட்டிய தலைமயிர், எதையும் இரண்டு தரம் சொல்ல மாட்டாள். “பதில் சொல்லாதவரை நீங்களாக ஊகித்து ஆமில் போடக் கூடாது, இல்லையிலும் போடக் கூடாது. பேசாமல் போகிறவர் எந்தப் பக்கமும் இல்லை. மூன்றில் போடுங்கள்.”

பிரபாலினிக்கு அந்த விதி பிடித்துப்போயிற்று. டென்மார்க்காரருக்கு வாய்த்த கட்டம் எங்கள் வீட்டில் இல்லையே என்று நினைத்தாள்.

மத்தியான இடைவேளையில் கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அழுத்தியும் பார்த்தாள். தகப்பன்தான் எடுத்தார். நித்திரைக் குரல்.

“அப்பா, சாப்பிட்டிட்டீங்களோ?”

“இப்பதான் எழும்பினனான். ஏன் பிள்ளை?”

“ஒண்டுமில்லை. பிறகு வாறன்.”

தொலைபேசியை மூடிவிட்டுத் தன்னைத்தானே நாலு திட்டுத் திட்டினாள். ஆனாலும் பெரிதாகப் பயப்படவில்லை. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் கிடந்தது. கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: ‘மூன்று மணியிலிருந்து கிளவுசூர்’. ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் கிளவுசூர் என்றால் எழுத்துப் பரீட்சை. பல்கலைக்கழகத்திலும் அதேதான். கட்டங்களைச் சரியாகப் போடத் தெரியுமா என்று சோதிக்கப் போகிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு மணித்தியாலம் போகும். நாலரைக்குக் கிளம்பிவிடலாம்.

மூன்று மணிக்கு யூலியா ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்து எல்லாருடைய தொலைபேசிகளையும் வாங்கினாள். பரீட்சைக்கு வாங்கத்தானே செய்வார்கள் என்று பிரபாலினி முதல் ஆளாகக் கொடுத்தாள். யூலியா கதவை உள்ளிருந்து பூட்டித் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டாள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து அதுவரை ஏறிய எண்களைப் பெரிதாக எழுதினாள். ஆம் 47. இல்லை 53.

மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. வினாத்தாள் வரவில்லை. பக்கத்து மேசையில் லூக்காஸ் இருந்தான். எல்லைப்பக்கம் ஃபிளென்ஸ்பர்க் ஊர்ப் பெடியன், டேனிஷும் தெரிந்தவன். பிரபாலினி அவன் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

“கிளவுசூர் எத்தனை மணிக்குத் தொடங்கும்?”

“தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகிறதே.”

“தாள் எங்கே?”

“என்ன தாள்?”

அவள் சொன்னதும் லூக்காஸ் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு விளக்கம் சொன்னான். மடங்களில் துறவிகளை வெளியாள் அண்டாமல் அடைத்து வைப்பார்களே, அதற்கும் கிளவுசூர் என்றுதான் பெயர். கட்சிக்காரர்கள் எங்காவது போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் வைத்தாலும் அதுதான். எட்டு மணிக்கு டென்மார்க்கில் வாக்குச்சாவடி மூடும் வரை இந்த எண் தெரிந்த ஒருவரும் வெளியே போக முடியாது.

பிரபாலினியின் ஜெர்மன் வகுப்பில் எப்போதும் முதல் வரிசைதான். ஆனால் அது முழுக்கப் பள்ளிக்கூடத்தில் படித்தது. சாப்பாட்டு மேசையில் தகப்பன் பத்திரிகை வாசித்து, தாய் வானொலி போட்டு, சும்மா காதில் விழுந்து சேர்கிற ஜெர்மன் அவளுக்கு வாய்க்கவில்லை. அந்த ஒரு சொல்லின் மற்றப் பக்கம் அவளுக்குத் தெரியாமலே இருந்துவிட்டது.

எழும்பி யூலியாவிடம் போனாள். தனக்கு ஆறு மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். யூலியா ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினாள். நாலாம் பக்கத்தில் எல்லாம் எழுதியிருந்தது, அதன் கீழே பிரபாலினியின் கையெழுத்தும் அழகாக இருந்தது.

திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். வேறு பெண்ணாக இருந்தால் கதவைத் தட்டியிருப்பாள், சத்தம் போட்டிருப்பாள், பொலிசைக் கூப்பிடு என்றிருப்பாள். ஒன்பது வயதில் வந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் விசாவுக்கு டெர்மின் என்று நாள் குறித்து எடுத்து, வரிசையில் தாயின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்த பிள்ளை பூட்டிய கதவைத் தட்டிப் பழகவில்லை. பெக்ஸ் இயந்திரம் தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது. அவள் ஏற்றிக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. நாலாம் மாடி ஜன்னல் திறக்காது, அதை ஏற்கெனவே இழுத்துப் பார்த்திருந்தாள்.

“இவர்களையாவது கேட்கிறார்கள்,” என்றான் லூக்காஸ் சும்மா பேச்சுக்கு. “எங்களுடைய மார்க் காசை எடுத்துவிட்டு யூரோ தரப் போகிறார்கள், ஒருத்தனும் எங்களைக் கேட்கவில்லை.”

என்னையும் கேட்டவர்கள்தான் என்று பிரபாலினி நினைத்தாள். நான்தான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைக்க அழுகை வந்தது. ஐந்து பத்துக்கு மறுபடி எழும்பினாள்.

“ஒரு நிமிடம் வீட்டுக்கு எடுக்க வேண்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரே ஒரு சொல்தான்.”

“என்ன சொல்?”

“நைன்.” இல்லை என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் ஜெர்மனில் அந்த ஒரே சொல்தான்.

யூலியா அவளைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். இல்லை 53 என்று அவளே எழுதியது அங்கே கொட்டை எழுத்தில் நின்றது.

“பிரபாலினி, இன்றைக்கு இந்த அறையிலிருந்து நான் எந்தச் சொல்லை விட்டாலும் அந்தச் சொல்லை விட முடியாது.”

“தமிழில் சொல்கிறேன்.”

“தமிழில் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?”

“இது டென்மார்க் விசயம் இல்லை. என்னுடைய கலியாணம். என்னைக் கேட்டார்கள். ஆறு மணிக்குள் நான் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துவிடுவார்கள். எனக்கு வேண்டாம். எனக்கு அந்தக் கலியாணம் வேண்டாம்.”

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இரண்டு வாரமாக வராத சொல் வந்துவிட்டது. வந்த இடம் பிழை.

யூலியாவின் முகம் இளகித்தான் போயிற்று. அவளும் கல் இல்லை. “நீ சொல்வதை நான் நம்புகிறேன்,” என்றாள். “ஆனால் இந்த எண் ஒரு மணித்தியாலம் முந்திக் கிடைத்தால் பணச் சந்தையில் கோடி கோடியாகப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். ஒருத்தி வீட்டுக்கு எடுத்து ‘வேண்டாம்’ என்றால் அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? வேலை போய்விடும். உன்னுடையது இல்லை, என்னுடையது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “வரவேற்பு மேசையில் லிசா இருக்கிறாள். அவளுக்கு எண் ஒன்றும் தெரியாது. ஒரு துண்டு எழுதிக் கதவுக்குக் கீழால் தள்ளுவோம். அவள் உன் வீட்டுக்கு எடுத்து வாசிக்கட்டும். என்ன எழுதுவதென்று நான் பார்க்க வேண்டும்.”

பிரபாலினி எழுதினாள்: ‘பிரபாலினி வேண்டாம் என்கிறாள்.’ யூலியா வெட்டினாள். ‘நான் வரும்வரை பதில் சொல்ல வேண்டாம்.’ அதையும் வெட்டினாள். “என்ன பதில், யாருக்குப் பதில் என்று நாளைக்கு என்னைக் கேட்பார்கள். அதிலும் ஒரு ‘வேண்டாம்’ இருக்கிறது.” கடைசியில் யூலியாவே பேனாவை வாங்கி எழுதினாள்: ‘பிரபாலினிக்கு எட்டு மணி வரை வேலை.’ எழுதிவிட்டு, வீட்டில் பயப்படுவார்களே என்ற நல்ல மனதோடு இன்னும் ஒன்று சேர்த்தாள்: ‘அல்லெஸ் இன் ஓர்ட்னுங்.’ ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

துண்டு கதவுக்குக் கீழால் போயிற்று. பிரபாலினிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தகப்பன் எடுப்பார். ஏன் பிந்துகிறாள் என்று யோசிப்பார். மகள் வந்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று நடேசனிடம் ஒரு நாள் தவணை கேட்பார். கேட்கிற மனிதர்தான்.

ஐந்து நாற்பதுக்குத் துண்டு திரும்பி வந்தது. பின்பக்கத்தில் லிசாவின் உருண்டைக் கையெழுத்து.

‘அம்மாதான் எடுத்தார். மகளுக்கு எட்டு வரை வேலை, இன் ஓர்ட்னுங் என்றேன். “இன் ஓர்ட்னுங்? என் மகள் சொன்னாளா?” என்று இரண்டு தரம் கேட்டார். ஆம், அவளேதான் என்றேன். மூன்று தரம் நன்றி சொன்னார். சந்தோஷத்தில் அழுதார் என்று நினைக்கிறேன். எவ்வளவு அன்பான அம்மா!’

பிரபாலினி அதை நின்றபடி வாசித்தாள். வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

பாலாம்பிகைக்கு ஜெர்மன் ஐம்பது சொல் தெரிந்தால் அதிகம். அந்த ஐம்பதிலும் அவளுக்கு உயிரான சொல் ஓர்ட்னுங். வெளிநாட்டவர் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறவர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாலாம்பிகை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். அவர் ‘இன் ஓர்ட்னுங்’ என்று சொல்லி முத்திரை குத்தினால் இன்னும் ஆறு மாதம் இருக்கலாம். பதினாலு வருடத்தில் அந்தச் சொல்லுக்கு அவள் கண்ட அர்த்தம் ஒன்றே ஒன்று. சரி, ஏற்றுக்கொண்டாயிற்று. மகள் வெட்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளையைக் கொண்டு சம்மதம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்திருப்பாள். வேறு எதை நினைப்பாள்?

இன்னொரு துண்டு எழுதட்டுமா என்று பிரபாலினி கேட்டாள். ஒரு துண்டே பிழை என்றாள் யூலியா. பிரபாலினி கதவடிக்குப் போய் அதில் கையை வைத்தாள். தட்டவில்லை. சுவர் மணிக்கூட்டில் ஆறாயிற்று. இப்போது நடேசன் எண்களை அழுத்துவார், அப்பா முதல் மணியிலேயே எடுப்பார், எப்படி இருக்கிறீங்கள், மழையோ அங்கை என்று ஒரு நிமிடம் போகும். ஆறு ஐந்துக்கு எல்லாம் முடிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தையும் அவள் கதவில் கை வைத்தபடி முழுசாக நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மணித்தியாலம் கிடந்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் மேசைக்குப் போய்த் தாள்களை எடுத்தாள். ஒரு தாளில் மூன்றாவது கட்டத்துக்குப் பக்கத்தில் கையால் ஏதோ கிறுக்கியிருந்தது. லூக்காஸ் எட்டிப் பார்த்து வாசித்தான். “‘பெண், வயது அறுபது இருக்கும். கன நேரம் நின்றார். சொல்லவில்லை.’”

பிரபாலினி மூன்றை அழுத்தினாள். யாரோ ஒருத்தி, கடலோரத்து ஊர் ஒன்றில், சொல்லாமல் போய்விட்டாள். அவளை ஒருவரும் எந்தப் பக்கத்திலும் சேர்க்கவில்லை. பிரபாலினிக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

எட்டு மணிக்கு யூலியா கதவைத் திறந்து கூடையை நீட்டினாள். மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு ஏதோ சொல்ல வந்தாள். பிரபாலினி நிற்கவில்லை. கால்மார்க்ஸ் தெருவின் மூன்று ரயில் தரிப்புத் தூரத்தை நடையும் ஓட்டமுமாக வந்தாள். தொலைபேசியில் சொல்வதா, நேரே சொல்வதா என்ற பழைய பயித்தியக்காரக் கேள்வி மறுபடி வர, காலை இன்னும் எட்டிப் போட்டாள்.

கதவைத் திறந்ததும் கற்பூர மணமும் அவித்த கடலை மணமும் வந்தன. கும்பம் வைத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாலாம்பிகை நல்ல சேலை உடுத்தியிருந்தாள். மகளின் கன்னத்தைத் தடவினாள்.

“வெக்கம் பிடிச்சவள். எங்களுக்குச் சொல்ல ஏலாமல் வெள்ளைக்காரப் பெட்டையைக் கொண்டு சொல்லுவிச்சிருக்கிறாய்.”

“அம்மா, அது—”

உள்ளே தகப்பன் தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் தரமாக டுசல்டோர்ஃபிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மகளைக் கண்டதும் முகம் மலர்ந்து, “இந்தா, வந்திட்டாள். கதையுங்கோ,” என்று சொல்லி அவள் கையில் வைத்தார். மறுபக்கத்தில் வினோஜனின் தாய்.

“பிள்ளை, கேக்குதோ?”

“ஓம் மாமி.”

அந்த ஓமைக் கேட்டதும் தகப்பன் தாயைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தாய் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

“எங்களுக்கு நல்ல சந்தோசம். உனக்கும் சந்தோசம்தானே பிள்ளை?”

வாய் தானாக அடுத்த ஓமுக்குத் திறந்துவிட்டது. பிரபாலினி அதை மூடினாள். மறுபக்கத்தில் அந்த அம்மா பதிலைத் தானே சொல்லிவிடுவதற்கு மூச்சு எடுப்பது கேட்டது.

“இல்லை மாமி,” என்றாள் பிரபாலினி. “எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். வினோஜனிலை ஒரு பிழையும் இல்லை. எனக்கு வேண்டாம்.”

மறுபக்கத்தில் எடுத்த மூச்சு வெளியே போவது கேட்டது. பிறகு, “அப்பாட்டைக் குடுங்கோ,” என்றது குரல். பிள்ளை போய் மரியாதை வந்திருந்தது.

தகப்பன் வாங்கிக் காதில் வைத்தார். கேட்டார். “ஓம்,” என்றார். “ஓம் அக்கா. ஓம்.” வைத்துவிட்டு அந்தத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்ரை சொல்லு போச்சு,” என்றார். “இனி அவையின்ரை முகத்திலை என்னண்டு முழிப்பன்? ஆறு மணிக்கு முதல் சொல்லு எண்டுதானே உன்னைக் கேட்டனான். அதுகூடவோ உன்னாலை ஏலாமல் போச்சு?”

“ஆறு மணிக்கு முதல் சொன்னனான் அப்பா,” என்றாள் பிரபாலினி. “வெளியிலை விடேல்லை.”